தண்ணீர் சேர்க்க வேண்டாம்

நவம்பர் 4

பதினான்கு வருடங்கள் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. போதும். இந்த மாதம் எழுதிவிடப் போகிறேன்.

விவரம் இதுதான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் வேதியியல் கற்பித்தேன். துறைத்தலைவர் பதவி எனக்கு வந்திருக்க வேண்டும். என்னைவிட மூன்று வருடம் இளையவனான தவசிங்குக்குப் போனது. நிர்வாகக் குழுவில் யார் யார் வீட்டுக்கு அவன் எத்தனை முறை போய்வந்தான் என்பதும் எனக்குத் தெரியும். அவன் எங்கள் எதிர்வீட்டுக்காரன். அன்றிலிருந்து அந்த வீட்டோடு பேச்சு இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பலகாரத் தட்டு அங்கிருந்து வருவதும் நின்றது, இங்கிருந்து போவதும் நின்றது. மூன்று வருடத்துக்கு முன் அவன் இறந்தபோது நான் போகவில்லை. என் மனைவி பியூலா போனாள். நான் தடுக்கவில்லை. திரும்பி வந்தவளிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை.

அவன் மனைவி ஹெப்சிபா இப்போது பிஸ்கட் செய்து விற்கிறாள். சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை விற்பனையில் அவள் மேசைக்கு முன்னால்தான் கூட்டம். மேலே ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று ஒரு பலகை. குருவானவரே ஒலிபெருக்கியில் அந்தக் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்.

இன்று காலை குப்பை வண்டி வந்தபோது அவள் வாசலில் இருந்த பையைப் பார்த்தேன். மூன்று காலிப் பெட்டிகள். கேக் மிக்ஸ், வெனிலா. கடையில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதேதான்.

சபை மாத இதழுக்கு எழுதுவேன். தலைப்பு கிடைத்துவிட்டது: ‘கைப்பக்குவமா, கம்பெனிப் பெட்டியா?’

நாளை பியூலாவுக்கு மூன்றாவது கீமோ. ஆறரைக்கு டாக்சி சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 5

எடை 41.2. போன முறை 43.

டாக்டர் சின்னப் பெண். என் மாணவிகளைவிட இளையவள். “முப்பத்தொன்பதுக்குக் கீழ போச்சுன்னா அடுத்த டோஸ் போடுறது கஷ்டம் சார். உடம்பு தாங்காது. அவங்களுக்கு எது பிடிக்குதோ அதைக் குடுங்க, பத்தியம் கித்தியம்னு பார்க்காதீங்க” என்றாள்.

ஊசி ஏற நாலு மணி நேரம். பக்கத்து நாற்காலியில் ஒரு வயதான அம்மாள், கூடவே அவர் மகன். சாத்தான்குளமாம். நாற்பது வயதிருக்கும். அம்மாவின் வாயருகே இட்லித் துண்டை வைத்துக்கொண்டு, “ஒரே ஒரு வாய்ம்மா, எனக்காக” என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பி, “உனக்காகத்தாம்ல இங்க வந்து உக்காந்திருக்கேன், இதுல இட்லி வேறயா” என்றாள். பியூலா சிரித்துவிட்டாள்.

நவம்பர் 9

ரசம் சாதம்: வேண்டாம். கஞ்சி: ஒரு கரண்டி, வாந்தி. இட்லி: அரை. ஆரஞ்சுச் சாறு: வாய்ப்புண் எரிகிறது. தாளிக்கும் வாசனை வந்தாலே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள்.

“எதைத் தின்னாலும் இரும்பக் கடிச்ச மாதிரி இருக்குங்க.”

ஸ்டீல் தட்டு, ஸ்டீல் கரண்டி எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பீங்கான் தட்டு, மரக்கரண்டி. பெரிய மாற்றம் இல்லை.

கடிதத்தின் முதல் பத்தி முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது.

நவம்பர் 12

பகல் பதினொரு மணிக்கு வாசலில் ஹெப்சிபா. கையில் பிளாஸ்டிக் டப்பா.

“சார், பியூலா அக்காவுக்குக் கொஞ்சம் பிஸ்கட் கொண்டாந்தேன்.”

“வீட்டில் எல்லாம் இருக்கிறது” என்றேன். கேட்டைத் திறக்கவில்லை.

“நெய், மசாலா ஒண்ணும் கிடையாது சார். வாய்க்கு மெத்துனு இருக்கும்.”

“இருக்கிறது என்று சொன்னேனே.”

மூடி திறக்காமலே டப்பா திரும்பிப் போனது. எங்கள் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சண்டைக்காரர்கள்கூடத் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு பிறகுதான் திட்டுவார்கள்.

மருந்துக் கடைக்குப் போனேன். வாய்ப்புண் களிம்பு, பஞ்சு, டயப்பர்.

நவம்பர் 13

போர்வையை உதறும்போது துகள்கள். மஞ்சளாக, வெனிலா வாசனையோடு. கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன்.

வேலைக்கு வரும் முத்தம்மாளைக் கூப்பிட்டேன். அவள் மறைக்கவில்லை.

“ஆமாய்யா. எதிர்வீட்டம்மா பத்து நாளா தாராங்க. நீங்க வெளிய போற நேரமாப் பாத்துக் கொண்டாந்து குடுப்பேன். நேத்து நீங்க இருந்துட்டீங்க, அவங்களும் தெரியாம வந்துட்டாங்க.”

“என் வீட்டில் என்னைக் கேட்காமல்?”

“அம்மா தின்னது தப்பா, நான் குடுத்தது தப்பா? ஒண்ணச் சொல்லுங்க.”

“இனிமேல் அந்த வீட்டுப் பொருள் எதுவும் உள்ளே வரக் கூடாது.”

முத்தம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். “சரிய்யா. அப்ப நீங்களே திங்க வைங்க.”

பியூலா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று தெரியும். பத்து நாட்களாக அவள் வயிற்றுக்குள் போன ஒரே உருப்படியான உணவு அதுதான் என்றும் இப்போது தெரிகிறது.

பரவாயில்லை. நானே செய்து கொடுப்பேன். பெட்டி மாவுதானே. முப்பது வருடம் ஆய்வுக்கூடத்தில் நின்றவனுக்கு இது ஒரு காரியமா?

நவம்பர் 16

கடையில் ஐந்து பெட்டி வாங்கினேன். ஓவன் பியூலாவுடையது. பொத்தான்களைப் புரிந்துகொள்ள அரை மணி நேரம் ஆயிற்று.

சோதனை 1. பெட்டியில் சொன்னபடி: முட்டை, எண்ணெய், தண்ணீர். தட்டில் தனித்தனியாக ஊற்றினேன். ஓடிச் சேர்ந்து ஒரே பாளமாக வெந்தது.

சோதனை 2. தண்ணீர் பாதி. மேலே உப்பி, உள்ளே பஞ்சு. ஆறியதும் கசங்கிப்போனது.

சோதனை 3. தண்ணீர் கால் பங்கு, இருபத்திரண்டு நிமிடம். பார்வைக்குப் பிஸ்கட்டேதான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவதிலிருந்து ஒன்றைப் பியூலா வாயில் வைத்தாள். கடித்தாள். உடனே கையை வாய்க்குக் கொண்டுபோனாள். ஈறிலிருந்து ரத்தம்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள், துண்டால் துடைத்துக்கொண்டு. “பெறவு திங்கேன்.”

நவம்பர் 20

38.9.

நவம்பர் 21

ஐந்தாவது சோதனையும் தோல்வி. கடைசிப் பெட்டி.

பியூலா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அதுவே இப்போது பெரிய வேலை.

“என்னங்க, அவங்ககிட்டப் போய்க் கேளுங்களேன்.”

“எதை?”

“எப்படிப் பண்ணுதாங்கன்னு.”

“அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.”

தலையணையை முதுகுக்கு நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: “எனக்கு ஒண்ணு விளங்கல. ஒங்களுக்கு ஹெச்.ஓ.டி. கிடைக்காததுக்கும் என் வாய்க்கும் என்னங்க சம்பந்தம்?”

காலிப் பெட்டியை மடித்துக் குப்பையில் போட்டேன்.

சபை இதழுக்கு எழுதிய கடிதம் நான்கு பக்கம் வந்திருக்கிறது. இன்று அதைத் தொடவில்லை.

நவம்பர் 22

போனேன்.

தெருவின் அகலம் இருபத்திரண்டு அடி இருக்கும். காலை பத்து மணி. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் நின்றேன். ஹெப்சிபா கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“அக்காவுக்கு என்ன சார்?”

“ஒன்றுமில்லை. அந்த பிஸ்கட்...”

 அவர் கதவை முழுக்கத் திறந்தார். “உள்ள வாங்க. செருப்போடயே வாங்க, அடுப்படிதானே.”

அடுப்படி மேசையில், யார் கண்ணிலும் படும்படி, கேக் மிக்ஸ் பெட்டிகள் ஒரு டஜன் அடுக்கியிருந்தன. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“பாக்கெட் மாவுதான் சார். தெரியாதா?”

“வீட்டுத் தயாரிப்பு என்று பலகையில்...”

“அது கமிட்டிக்காரங்க எழுதினது. என் வீட்டு அடுப்புலதானே வேகுது, அப்ப அது வீட்டுத் தயாரிப்புதான்னுட்டாங்க. கேக்குற எல்லார்கிட்டயும் பாக்கெட்டக் காட்டிருவேன். யாரும் நம்ப மாட்டேங்குதாங்க. நான் ரகசியத்த மறைக்கிறதா நெனைக்காங்க.” சிரித்தார். “நீங்க எப்படிப் பண்ணுனீங்க, சொல்லுங்க.”

ஐந்து சோதனைகளையும் அளவோடு சொன்னேன். பாதியிலேயே தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஐயோ சார், தண்ணியே ஊத்தக் கூடாது. பெட்டில எழுதியிருக்கது கேக்குக்கு. நமக்கு ஒரு முட்டை, கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். படிச்சவங்க எல்லாரும் இதுலதான் மாட்டுதீங்க. அச்சடிச்சிருந்தா அப்படியே நம்பிருதீங்க.”

மாவைக் கொட்டினார். முட்டை, எண்ணெய். கையாலேயே பிசைந்தார். முதலில் உதிர்ந்தது, இது சேராது என்று நான் சொல்ல வாயெடுக்கும்போது சேர்ந்தது. எலுமிச்சை அளவு உருட்டி, லேசாக அழுத்தி, இடைவெளி விட்டு வைத்தார். பத்தாவது நிமிடம் ஓவனைத் திறந்தார். எனக்கு அவை வேகாத மாவாகத்தான் தெரிந்தன.

“இன்னும் ஆகவில்லை” என்றேன்.

“ஆயிட்டு சார். வேகாதது மாதிரி இருக்கும்போதே எடுத்துரணும். வெளிய இருந்து மிச்சத்த அதுவே பாத்துக்கிடும். நீங்க கண்ணுக்குத் திருப்தியாகுற வரைக்கும் உள்ள விட்டீங்க, அதான் கல்லாப் போச்சு.”

ஆறும் வரை நின்றோம். சுவரில் தவசிங்கின் படம். நான் கடைசியாகப் பார்த்ததைவிட மெலிந்திருந்தான்.

“இத எங்க கத்துக்கிட்டேன்னு நெனைக்கீங்க? இவங்களுக்குக் கடைசி ரெண்டு மாசம் இதுதான் சாப்பாடு. பாலும் இதுவும்.”

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. “என்னைப் பற்றி ஏதாவது...” என்று ஆரம்பித்துவிட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“நல்லாத் திட்டுவாங்க” என்றார் ஹெப்சிபா. “மோசஸ் மாதிரி தலைக்கனம் பிடிச்சவன் கிடையாதும்பாங்க. திட்டிக்கிட்டே நாலு தின்னுருவாங்க. உங்க பேரு வந்த அன்னைக்கெல்லாம் நல்ல சாப்பாடு சார்.”

டப்பாவில் பன்னிரண்டு எடுத்து வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 24

என் கையால் செய்தேன். சோதனை 6. இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது: உள்ளே முட்டை வேகாமல் போனால்? நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவளுக்கு அது ஆபத்து. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த பழைய வெப்பமானி ஒன்று வீட்டில் உண்டு. பத்தாவது நிமிடம் எடுத்த உடனே நடுவில் குத்திப் பார்த்தேன். மூன்று பிஸ்கட்: 86, 84, 87 டிகிரி. முட்டை வேக இது தாராளம்.

பியூலா மூன்று சாப்பிட்டாள். நான்காவதைப் பாலில் தொட்டுக்கொண்டாள்.

“ஹெப்சிபா பண்ணுனதவிட நல்லாருக்கு” என்றாள்.

பொய். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 26

39.5. ஊசி போட்டார்கள்.

பியூலா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு பிஸ்கட் சாப்பிட்டாள். சாத்தான்குளத்துக்காரன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் அம்மா இந்த முறை பேசவில்லை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பியூலா ஒன்றை நீட்டினாள். அந்த அம்மாள் வாங்கி முகர்ந்தாள், கடித்தாள், முழுவதையும் தின்றாள்.

மகன் என் பக்கம் வந்தான். “சார், இது எப்படிச் செய்யுதது? வீட்ல செய்யலாமா?”

“கடையில் வாங்கினது” என்றேன்.

“எந்தக் கடை சார்?”

“அது... ஞாபகமில்லை.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று வரும் வழியெல்லாம் பியூலா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நான் ஒரு வேதியியல் பேராசிரியன். பெட்டி மாவில் பிஸ்கட் சுடுகிறேன் என்று ஒரு வார்டுக்கு நடுவில் நின்று சொல்ல நாக்கு எழவில்லை. அவ்வளவுதான் காரணம். அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 30

காலை இரண்டு, மாலை மூன்று. பால் முக்கால் டம்ளர். முத்தம்மாள் என்னைப் பார்த்து, “ஐயா கைல இம்புட்டு வித்தையா” என்று கிண்டல் செய்தாள். பியூலா தலைவாரிவிடச் சொன்னாள். வாருவதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் சீப்பை எடுத்து மெதுவாகத் தடவிக்கொடுத்தேன்.

டிசம்பர் 5

நான்கு சாப்பிட்டாள். மாலையில் குளிர்கிறது என்றாள். காய்ச்சல் 101.

டிசம்பர் 6

மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. வெள்ளையணுக்கள் நானூறு. நான்காயிரமாவது இருக்க வேண்டும்.

டிசம்பர் 7

டப்பா பையிலேயே இருக்கிறது.

டிசம்பர் 9

காலை 11.40.

டிசம்பர் 25

ஆராதனைக்குப் போகவில்லை. எதிர்வீட்டிலிருந்து தட்டு வந்தது.

டிசம்பர் 28

இன்று கடிதத்தை மறுபடியும் எடுத்தேன். நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். இப்போது அதில் சொல்ல வேறொன்று இருந்தது. வேகாதது மாதிரி இருக்கும்போதே எடுக்கச் சொன்னது யார்? அரைவேக்காட்டு முட்டையை, எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒருத்திக்குக் கொடுக்கச் சொன்னது யார்? அந்த பிஸ்கட்டால்தானே எடை ஏறியது? எடை ஏறியதால்தானே ஊசி போட்டார்கள்? ஊசி போட்டதால்தானே அணுக்கள் விழுந்தன? ஹெப்சிபா என்று முழுப் பெயரையும் எழுதினேன். வேகமாக வந்தது. இத்தனை நாளில் இவ்வளவு வேகமாக எதையும் எழுதியதில்லை.

மூன்றாவது பக்கத்தில் அளவு விவரம் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த நோட்டைப் புரட்டினேன்.

86, 84, 87.

என் கையெழுத்து. என் வெப்பமானி. முப்பது வருடம் மாணவர்களிடம், கிடைத்த அளவை மாற்றி எழுதுபவன் இந்தத் துறைக்கே லாயக்கில்லை என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரைத் தேர்வில் தோல்வியடையவும் வைத்திருக்கிறேன்.

பேனாவை மூடி வைத்தேன்.

டிசம்பர் 30

டாக்டரைப் பார்க்கப் போனேன். முன்பதிவு இல்லை, இருந்தாலும் உட்காரச் சொன்னாள். முட்டையைப் பற்றிக் கேட்டேன். ஊசியைப் பற்றியும் கேட்டேன்.

“பிஸ்கட் இல்ல சார். ரத்தத்துல வளர்ந்தது அவங்க குடல்லயே இருக்கிற கிருமி. எல்லார் குடல்லயும் இருக்கும். அணுக்கள் குறைஞ்சா உள்ள வந்துரும்.” பியூலாவின் ஃபைலை மூடி வைத்தாள். “டோஸ் போடாம விட்டிருந்தா இன்னும் ஒரு மாசம் இருந்திருப்பாங்களான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனா கடைசி ரெண்டு வாரம் பட்டினி கிடக்காம இருந்தாங்க சார். இந்த வார்டுல அது எல்லாருக்கும் கிடைக்கிறதில்ல.”

வெளியே வரும் வழியில் ஊசி போடும் அறையை எட்டிப் பார்த்தேன். சாத்தான்குளத்து அம்மாளின் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். அவர்களுடைய நாள் இன்றில்லையோ என்னவோ. செவிலியரிடம் கேட்கலாம் என்றால் அந்த மகனின் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டு முறை நாலு நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் கேட்டதில்லை.

ஜனவரி 3

கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தேன். சிமெண்ட் பூச்சு காய்ந்துவிட்டது. பெயர் பொறிக்கும் ஆள் அடுத்த வாரம் வருவானாம்.

திரும்பும்போது எதிர்வீட்டுக்குப் போனேன். ஹெப்சிபா மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

“இதை எழுதி அந்த வார்டுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன்” என்றேன். “சுவரில் ஒட்டி வைப்பார்கள். உங்கள் பெயரைப் போடட்டுமா? நீங்கள் கற்றுக்கொடுத்தது.”

“பாக்கெட் மாவுக்கு எதுக்கு சார் பேரு?” கையிலிருந்த மாவைச் சுரண்டிப் போட்டார். “அளவ மட்டும் சரியாப் போடுங்க. தண்ணி விஷயத்தப் பெருசா எழுதுங்க. இல்லன்னா ஒங்கள மாதிரி பத்துப் பேரு பாளம் சுடுவாங்க.”

பிறகு, என்னைப் பார்க்காமல், “இவங்க அடக்கத்துக்கு அக்கா வந்தப்ப, ‘அவுக எங்க வீட்டு கேட்டுப் பக்கத்துலயே நிக்காங்க, காலு வர மாட்டேங்கு’ன்னு சொன்னாங்க. நெசமா சார்?”

“நிஜம்” என்றேன்.

இந்தப் பதினான்கு வருடத்தில் அந்த வீட்டுக்கு நான் சொன்ன முதல் உண்மை அது.

ஜனவரி 5

எழுதிவிட்டேன். பெரிய எழுத்தில், ஒரே பக்கம்.

‘கீமோ எடுப்பவர்களின் வீட்டாருக்கு. வாய் கசந்து, புண்ணாகி, எதுவும் இறங்காதபோது இதைச் செய்து பாருங்கள். வெனிலா கேக் மிக்ஸ் கால் கிலோ. முட்டை ஒன்று. எண்ணெய் ஐம்பது மில்லி, அதாவது மூன்றரை மேசைக்கரண்டி. தண்ணீர் சேர்க்க வேண்டாம். பெட்டியில் இருப்பது கேக்குக்கான குறிப்பு. கையால் பிசையுங்கள். முதலில் உதிரும், பிறகு சேரும். சிறு எலுமிச்சை அளவு உருட்டி, லேசாக அழுத்தி, இடைவெளி விட்டு வையுங்கள். சூடேறிய ஓவனில் 170 டிகிரி, பத்து நிமிடம். எடுக்கும்போது வேகாதது போல் தெரியும். பயப்பட வேண்டாம். உள்ளே முட்டை வெந்திருக்கும். வெப்பமானி வைத்துப் பார்த்திருக்கிறேன். இன்னும் கொஞ்சம் என்று உள்ளே விட்டால் கல்லாகிவிடும், ஈறு கிழியும். கால் மணி நேரம் ஆறவிட்டுக் கொடுங்கள். ஸ்டீல் பாத்திரம் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இது மருந்தல்ல. சாப்பிட வைக்கும், அவ்வளவுதான்.’

கீழே பெயர் எழுதப் போனேன். மோ என்று ஓர் எழுத்து போட்டும்விட்டேன்.

அந்த அறையில் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். செவிலியர்கள், வாரா வாரம் வருபவர்கள், ஒருவேளை இன்னும் வந்துகொண்டிருந்தால் அந்த சாத்தான்குளத்து மகனும். பெயரைப் பார்த்தால் யாராவது கேட்பார்கள்: ‘அந்த சாரோட வீட்டம்மா இப்ப எப்படி இருக்காங்க?’ யாராவது பதில் சொல்வார்கள். அதற்குப் பிறகு இந்தத் தாளை எவனும் குறித்துக்கொள்ள மாட்டான். மாவு வாங்கக் கடைக்குப் போக மாட்டான். அம்மாவின் வாயருகே மறுபடியும் இட்லித் துண்டோடு நிற்பான்.

வேறு தாள் எடுத்து முழுவதையும் திரும்ப எழுதினேன். கடைசி வரியோடு நிறுத்திக்கொண்டேன். உறையில் வார்டின் முகவரி மட்டும். அனுப்புநர் இடம் காலி. காலையில் தலைமைத் தபால் நிலையத்துக்குப் போய், பெயர் இல்லாமலே சேர்த்துவிடுவேன்.